வருஷத்துக்கு மூன்று கேள்வி

எங்கள் வீட்டில் டி.வி. போட்டால் தெருவே செய்தி கேட்கும். "உங்க புண்ணியத்துல எங்க வீட்டுக்கு டி.வி.யே வேண்டாம்" என்று பக்கத்து வீட்டு அக்கா கிண்டலடிப்பார். அப்பாவுக்குக் காது கேட்காது. நெசவு ஆலையில், நூறு தறி ஒன்றாக ஓடும் ஷெட்டில் முப்பத்தொரு வருஷம் நின்றவர். அங்கே கத்தினாலும் காதில் விழாது. உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள்.

போன மாதம் பின்னால் வந்த லாரியின் ஹாரன் கேட்காமல் நூலிழையில் தப்பினார். டாக்டர் காது மெஷின் வைக்கச் சொல்லிவிட்டார். வேலையால்தான் காது போனது என்று ஆலை ஒரு கடிதம் கொடுத்தால் காப்பீட்டில் மெஷின் கிடைக்கும். அந்தக் கடிதத்துக்காக அப்பாவை ஆலை ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

நல அதிகாரி ஃபைலைப் புரட்டினார். "வருஷா வருஷம் காது டெஸ்ட் பண்ணியிருக்கோம்மா. எல்லாத்துலயும் 'இயல்பு'ன்னுதான் இருக்கு. உங்கப்பா கையெழுத்து வேற போட்டிருக்காரு. வயசானா காது மந்தமாகத்தான் செய்யும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த டெஸ்ட்டின் லட்சணத்தை அப்பாவே சொல்லியிருக்கிறார். ஆலை டாக்டர் எதிரே உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்பார். பேர் என்ன, எந்த ஷெட், காது நல்லா கேக்குதா. எல்லா வருஷமும் அதே மூன்று, அதே வரிசை. காது போனது தெரிந்தால் தறியிலிருந்து எடுத்து மூட்டை தூக்கப் போட்டுவிடுவார்கள். அந்தப் பயத்தில், புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் பதிலை வரிசையாகச் சொல்லிக்கொடுத்ததே அப்பாதான்.

ஒரு வருஷம் டாக்டருக்குச் சளி. முகத்தில் மாஸ்க். அதோடு என்ன தோன்றியதோ, கடைசிக் கேள்வியை முதலில் கேட்டுவிட்டார். காது கேக்குதா என்றதற்கு அப்பா தன் பெயரைச் சொன்னார். பேர் என்ன என்றதற்கு, "ரெண்டாவது ஷெட் சார்." எந்த ஷெட் என்றதற்கு, "நல்லா கேக்குது சார்." பின்னால் நின்ற இருபது பேரும் அப்படியே. அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம்.

அந்த டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? அத்தனை பேருக்கும் 'இயல்பு' என்றே எழுதினார். அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

"சார், அந்த ஃபைலை வாய்க்கு முன்னால பிடிச்சுக்கிட்டு அப்பாகிட்ட ஏதாவது கேளுங்க" என்றேன்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"கேளுங்க சார். ஒரே ஒரு தடவை."

வேண்டாவெறுப்பாக ஃபைலைத் தூக்கினார். "பெரியவரே, டீ சாப்பிடுறீங்களா?"

அப்பா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பெயரைச் சொன்னார். அப்புறம், "ரெண்டாவது ஷெட் சார். நல்லா கேக்குது சார்."

காது கேட்கவில்லை என்று சொல்லத்தான் அவரைக் கூட்டி வந்திருந்தேன். அதிகாரியின் முகம் மறைந்ததும் பழைய பயம் தானாக வாயைத் திறந்துவிட்டது.

அதிகாரி ஃபைலை இறக்கினார். என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "இத நான் எழுதிக் குடுத்தா நாளைக்கு அந்த ஷெட்டே வந்து வாசல்ல நிக்கும்மா. புரிஞ்சுக்கோங்க."

குரலைத் தாழ்த்தி என்ன புண்ணியம்? அப்பா அவர் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வர்றோம் சார்!" தன் குரல் எவ்வளவு பெரிது என்று அப்பாவுக்குத் தெரியாது. மாடி முழுக்கக் கேட்டது. "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கே வர்றோம்!"

பக்கத்து அறைகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அப்பா எழுந்து, நாற்காலியை ஒழுங்காகத் தள்ளி வைத்துவிட்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்து, அப்பா சொன்ன ரெண்டாவது ஷெட் ஆட்கள் பதினாலு பேருக்கும் நான்தான் போன் போட்டேன். பதினாலு வீட்டிலும் எடுத்தது மனைவி, மகள் அல்லது மருமகள்.

"அவருகிட்ட குடுத்து என்னம்மா பண்றது? எங்கிட்டயே சொல்லு, நான் எதிர்ல நின்னு சொல்லிக்கிறேன்."

அந்தப் பதினாலு பேருக்கும் ஆலை ஃபைலில் காது இயல்பு.