ஞாயிறு மூன்று மணிக்குள்

அயர்லாந்துக்கே உரிய கேலிக் கால்பந்து ஆடும் எங்கள் டிரம்வாலி ஊர்க் கழகத்தின் மொத்தச் சாதனையும் ஒரே ஒரு கோப்பைதான். அதுவும் ஐம்பத்து மூன்று வருஷத்துக்கு முன், எதிரணியில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்திருந்தபோது ஜெயித்தது. அந்தத் தகரத்துக்கு ஊர் மதுக்கடையில் தனி விளக்கு வேறு. அன்றைய ஆட்டத்தில் என் அப்பா பார்ட்லி மாற்று ஆட்டக்காரர். கடைசிவரை அவரை இறக்கவில்லை. அதற்கப்புறம் நாற்பது வருஷம் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார். நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னவன் கிடையாது.

அவர் படுக்கையில் விழுந்த இரண்டு மாதத்தில் கழகத்து ஆள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இந்த வாரம் மட்டும் தலைவர் ஃபெர்கல் மூன்று தடவை வந்துவிட்டார், திராட்சைப் பழத்தோடு.

எதற்கென்று எனக்குத் தெரியாதா? ஞாயிறு மூன்று மணிக்குக் காரிக்பெக் அணியோடு ஆட்டம். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். எங்கள் பக்கம் ஒழுங்காக உதைக்கத் தெரிந்த ஒரே ஆள் உல்டன். அந்த மகாராஜா நண்பனின் கல்யாணம் என்று ஸ்பெயினுக்குப் போய்க் குடித்துக்கொண்டிருந்தான். புதன்கிழமைதான் திரும்புவான். ஆனால் கழகத்து மூத்தவர் ஒருவர் இறந்தால் ஆட்டத்தைத் தள்ளிவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"டாக்டர் என்னம்மா சொல்றாரு? வாரக் கடைசி தாண்டுமாமா?" வாசலிலேயே கேட்டார் ஃபெர்கல்.

"ஏன், தாண்டக் கூடாதா?"

"ஐயய்யோ, அப்படிச் சொல்வேனா! ரொம்பக் கஷ்டப்படறாரேன்னுதான்."

கதவை அவர் முகத்திலேயே சாத்தியிருப்பேன். அதைவிட எரிச்சல், அப்பாவுக்கு விஷயம் புரிந்திருந்தது. அதில் அவருக்குச் சந்தோஷம் வேறு.

"ஏம்மா நூலா, என்னை நம்பித்தான் இருக்காங்க, பாத்தியா?"

"வெக்கமா இல்லையாப்பா? நீங்க எப்ப சாவீங்கன்னு காத்துக்கிட்டிருக்கானுங்க!"

"இருந்துட்டுப் போகட்டுமே. மேட்ச் அன்னிக்கு நான் வேணும்னு இத்தனை வருஷத்துல எவனாவது கேட்டிருக்கானா? மூணு மணிக்குள்ள போயிட்டா உடனே ஃபெர்கலுக்குச் சொல்லிடு. மறந்துடாதே."

இந்தக் கும்பலுக்காகவா இவ்வளவு ஆசை!

ஞாயிறு காலை பத்து மணிக்கு, என் கையைப் பிடித்தபடியே அப்பா போய்விட்டார். நான் அழுதுகொண்டிருக்கும்போதே கைபேசியில் ஃபெர்கலின் செய்தி வந்தது: 'ஏதாவது விசேஷம் உண்டா?'

விசேஷமாம். கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அப்பாவுக்கு முகம் மழித்து, நல்ல சட்டை போட்டுவிட்டேன். பாதிரியாருக்குக்கூடச் சொல்லவில்லை. மூன்று மணிக்கு உள்ளூர் வானொலியைப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் வீரர்கள் பத்தொன்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஆசை தீரச் சிரித்தேன்.

நாலரைக்கு ஃபெர்கலைக் கூப்பிட்டேன்.

"அப்பா போயிட்டார்."

"எத்தனை மணிக்கு?" முதல் கேள்வியே அதுதான்.

"மூணேகாலுக்கு."

"அடக் கடவுளே, கால் மணி நேரம்! கொஞ்சம் முந்தியிருக்கக் கூடாதா?" என்று பெருமூச்சு விட்டார். "பாவம் பார்ட்லி. கடைசிவரைக்கும் ஒண்ணுத்துக்கும் உதவாமலே போயிட்டாரு."

என் பொய் அப்பாவின் தலையில் போய் விழுந்துவிட்டது. என்னால் தாங்க முடியவில்லை.

"நல்லாக் கேட்டுக்கங்க, ஃபெர்கல். அவர் காலையில பத்து மணிக்கே போயிட்டார். உடனே உங்களுக்குச் சொல்லணும்னு சொல்லிட்டுத்தான் போனார். சொல்லாம வெச்சிருந்தது நான்."

அவருக்குப் பின்னால் யாரோ நடுவரைத் திட்டுவது கேட்டது.

"அப்பாவோட சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேணும்," என்றேன். "அனுப்புவீங்களா, மாட்டீங்களா?"