முகம் காட்டிய கூட்டம்

மகனின் மானத்துக்குக் கனகலிங்கம் போட்ட விலை, ஆளுக்கொரு ஆட்டிறைச்சிச் சோற்றுப் பார்சல். வட இங்கிலாந்து உயிராய் நினைக்கும் ரக்பி லீக் விளையாட்டுக்கு லண்டனில் பார்வையாளர்களைப் பிடிப்பதுதான் மகன் கிருஷாந்தின் வேலை. சர்வதேசப் போட்டியன்று அவன் பொறுப்பிலிருந்த இருக்கைகள் தொலைக்காட்சியில் காலியாகத் தெரிந்தால், அந்த வேலை போய்விடும்.

கனகலிங்கம் லண்டன் நோர்பரியில் தமிழர் வீடு வீடாக ஏறி இறங்கினார். “உங்கட மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு நான் வந்தனான் எல்லோ? என்ர பெடியன்ர மேட்சுக்கு நீங்கள் வரத்தானே வேணும்!”

எல்லாரும் வந்தார்கள். சிலர் பட்டுச்சேலையிலேயே வந்தார்கள். பார்சலை முடித்து, கிருஷாந்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, இடைவேளைக்கு முன்பே எழும்பினார்கள். கமரா அந்தப் பக்கம் திரும்பியபோது இருக்கைகளில் வெறும் சோற்றுப் பெட்டிகள்தான் இருந்தன.

“தவநாயகி, பாதியில போறியளே?” சாமத்தியவீடு செய்த தாயைக் கனகலிங்கம் வாசலில் மறித்தார்.

“முகம் காட்டியாச்சு அண்ணை. எங்கட வீட்டு விழாவில நீங்களும் சாப்பிட்டுக் கழுவின கையோட காரிலதானே ஏறினனீங்கள்!”

லண்டன் வந்த இத்தனை வருடத்தில் எந்த விழாவிலும் கனகலிங்கம் ஆராத்தி எடுக்கும்வரை இருந்ததில்லை. ஊரோடு அவருக்கிருந்த கணக்கு அன்று நேராயிற்று. நிலுவையில் நின்றது மகனின் வேலை மட்டும்.