ஞாயிற்றுக்கிழமை மட்டும் கழலும் திருகாணி

ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிப்பது என்று இப்போது பத்திரிகைகளில் கட்டுரை எழுதுகிறார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், பழைய நண்பரோடு பேசுங்கள், மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள் என்று யோசனைகள், படங்களோடு. மூச்சு விடுவதற்கே யோசனை சொல்ல ஆள் தேவைப்படுகிற காலம். எங்கள் கடைத்தெருவில் அந்த நாளில் ஒரே யோசனைதான் இருந்தது. கடையை மூடுவது; மூடிய கடைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காருவது.

ஆறு நாள் வண்டியும் ஆளுமாக அடைத்துக்கொண்டு கிடக்கும் தெரு, ஞாயிறு காலையில் திடீரென்று அகலமாகிவிடும். அதுவரை கேட்காத சத்தமெல்லாம் கேட்கும். யார் வீட்டிலோ குழாய் சொட்டுவது, மாடிப்படியில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு இறங்குவது, முடிதிருத்தும் கடைக்காரர் கொட்டாவி விடுவது. அப்பாவுக்குப் பெயிண்ட் கடை. ஆறு நாளும் எப்போது மூடலாம் என்று கடிகாரத்தைப் பார்ப்பவர், ஏழாம் நாள் எப்போது திறக்கலாம் என்று பார்ப்பார். எழுந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். உட்காருவார். பூட்டு மனம் மாறியிருக்குமோ என்று மறுபடி எழுவார்.

தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. வாடிக்கையாளர் வந்து போகும் நாளில் கடைக்காரர்கள் தங்கள் சொந்த வேலையைப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் ஒருவருக்கொருவர் செய்துகொள்வார்கள், காசு வாங்காமல். முடிதிருத்துபவர் நடுத்தெருவில் முக்காலி போட்டு எங்கள் தலைகளைச் சரிசெய்வார். அவர் வீட்டு ஜன்னலுக்கு அப்பா பெயிண்ட் கொடுப்பார். எவரும் வாங்காத நிறமாகப் பார்த்துக் கொடுப்பார் என்பது வேறு விஷயம்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, பெயிண்ட் கடைக்குப் பக்கத்திலேயே துணி ஆல்டரேஷன் கடை வைத்திருந்தாள். பெண் பார்க்க வருகிறவர்கள் குறைந்து, பிறகு நின்று, அதைப் பற்றிப் பேசுகிறவர்களும் நின்றுபோயிருந்த வயது. எதிர்ச்சாரியில் கண்ணாடிக்கடைக்காரர். கண்ணுக்குப் போடும் கண்ணாடி. தனி ஆள். வாடிக்கையாளரிடம் "இந்த எழுத்து தெரியுதா?" என்பதைத் தவிர வேறு வாக்கியம் அவர் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை.

ஆனால் ஞாயிறு காலையில் அவர் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துவிட்டு வாசலில் உட்காருவார். அத்தை தெருவைக் கடப்பாள், ஒரு கையில் கண்ணாடியும் இன்னொரு கையில் அதன் உடைந்த பாகம் போலத் தொங்கும் காது மாட்டியுமாக.

"மறுபடியும் ஸ்க்ரூ கழண்டுடுச்சுங்க."

"அப்படியா? போன வாரம் நல்லா முறுக்கினேனே."

"நான் தலைய ஆட்டி ஆட்டிப் பேசறேன்ல, அதனாலயோ என்னவோ."

"இருக்கும். உக்காருங்க."

கடுகு அளவுத் திருகாணி. அதை முறுக்க அவருக்கு முற்பகல் முழுவதும் ஆகும். அதற்குள் அத்தையின் கண், கண்ணாடி இல்லாமலே, அவர் சட்டைக்குப் போகும்.

"பட்டன் எங்க?"

"விழுந்துடுச்சு போல."

"போன வாரம்தானே தெச்சேன்!"

"நூல் சரியில்லையோ?"

"நூலக் குத்தம் சொல்லாதீங்க. உங்களுக்குத்தான் நெஞ்ச நிமித்தி நடக்கற பழக்கம்."

அந்த மனிதர் வாழ்நாளில் நெஞ்சை நிமிர்த்தி நடந்ததில்லை. அத்தையின் கைப்பையிலிருந்து ஊசி வெளியே வரும், அன்றைய சட்டையின் நிறத்திலேயே நூல் கோத்து. அவர் எந்தச் சட்டை போடப்போகிறார் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று தெருவில் எவரும் கேட்கவில்லை. பேசிக்கொண்டேயிருப்பார்கள். என்ன பேசினார்கள் என்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன், ஏமாற்றம்தான். வாரம் முழுவதும் எதிரெதிரே நின்று பார்த்த அதே தெருவைப் பற்றி, இவள் பார்த்ததை அவருக்கும் அவர் பார்த்ததை இவளுக்கும் சொல்லிக்கொள்வார்கள்.

ஒரு சனிக்கிழமை, கடை மூடும் நேரத்தில் நூல்கண்டு எடுக்க அத்தை கடைக்குள் போனேன். தையல் மெஷினுக்கான சின்ன ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு அத்தை தன் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே வந்த அம்மா என் காதைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"நீ ஒண்ணும் பாக்கல. போய் வேலை தேடு."

எனக்கு அப்போது எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைதான்.

தெருவில் இதெல்லாம் தெரியாத ஒரே ஆள் அப்பா. "இந்தக் கண்ணாடிக்காரன் யார்கிட்ட தொழில் கத்துக்கிட்டான்? ஒரு ஸ்க்ரூ ஒரு வாரம் நிக்க மாட்டேங்குது!" என்று பொருமுவார். எதிர்ச்சாரியிலும் ஒரு பேச்சு இருந்தது, அந்த அம்மா தைக்கிற பட்டன் அடுத்த ஞாயிறைப் பார்க்காது என்று. அத்தை தைத்த பேண்ட் கிழிந்தாலும் தையல் பிரியாது. இருந்தும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு பல்லைக் கடித்தபடி இருந்தாள். இரண்டு நல்ல வேலைக்காரர்கள் தங்கள் பெயரைத் தாங்களே வாராவாரம் கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த நிலையில்தான் தீர்மானம் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்.

தீர்மானம் என்பது கடைக்காரர் சங்கத் தலைவருக்குத் தெரு வைத்த பெயர். மரச்சாமான் கடை முதலாளி. எதற்கும் தீர்மானம் போடுவார். கடை வாசலில் நாய்கள் படுக்கக்கூடாது என்று ஒருமுறை ஏகமனதாக நிறைவேற்றினார். நாய்கள் கூட்டத்துக்கு வரவில்லை. இந்தமுறை, அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமையும் எல்லாக் கடைகளும் திறக்க வேண்டும் என்பது தீர்மானம்.

செய்தியை அப்பா சாப்பிடும்போது உற்சாகமாகச் சொன்னார். "ஞாயித்துக்கிழமதான் ஜனங்க வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும். இத்தனை வருஷமா அன்னிக்குப் பாத்து மூடி வெச்சிருக்கோம், கோமாளிங்க மாதிரி."

அத்தை சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவினாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"என்ன ஆச்சு இவளுக்கு?" என்றார் அப்பா.

"கண்ணு தெரியல," என்றாள் அம்மா. "அவளச் சொல்லல. உங்களச் சொன்னேன்."

கூட்டம் தலைவர் கடையிலேயே நடந்தது. உட்கார சோபாக்கள், பாலித்தீன் உறை பிரிக்காமல். யார் அசைந்தாலும் சரசரவென்று சத்தம். தலைவர் விலைச்சீட்டு தொங்கும் ராஜநாற்காலியில் அமர்ந்து, காலம் பொன் போன்றது என்று ஆரம்பித்து, வளர்ச்சி, எதிர்காலம் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு மூச்சு வாங்கினார்.

"ஞாயிற்றுக்கிழமை மூடியிருப்பதற்கு ஒரே ஒரு காரணம், ஒரே ஒரு காரணம் யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்!"

பாலித்தீன் சரசரத்தது. கண்ணாடிக்கடைக்காரர் கடைசி சோபாவின் ஓரத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அவரைப் பார்த்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்தது அப்பா.

"தலைவர் சொல்றது நூத்துக்கு நூறு. லீவு விட்டு விட்டுத் தொழிலே துருப்புடிச்சுப் போச்சு. யாரையும் குத்தம் சொல்லல. ஆனா நம்ம கண்ணாடிக்காரரையே எடுத்துக்கங்க. என் தங்கச்சி கண்ணாடில ஒரு ஸ்க்ரூ. வாராவாரம் முறுக்கறாரு, வாராவாரம் கழலுது. ஏழு நாளும் கடை தொறந்தாலாவது கை பழகும்."

சிலர் சிரித்தார்கள். கண்ணாடிக்கடைக்காரரின் காது சிவந்தது. தலைவர் இதைப் பிடித்துக்கொண்டார். "தரம்! இதைத்தான் நான் சொல்லவந்தேன். நாளை ஒரு பெரிய கண்ணாடிக்கடை நம் தெருவுக்கு வந்தால் இப்படிப்பட்டவர்கள் கதி என்ன?"

"அண்ணே, உக்காருங்க," என்றாள் அத்தை.

அப்பா உட்கார்ந்துவிட்டார். அந்தக் குரலை அவர் கேட்டதில்லை.

அத்தை எழுந்து கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். எதிரே இருந்த முகங்கள் மங்கலாகத் தெரிந்ததால் தைரியம் வந்ததோ என்னவோ. "அவர் முறுக்கின ஸ்க்ரூ ஒரு நாளும் தானா கழண்டதில்ல. அவ்வளவு இறுக்கமா இருக்கும். சனிக்கிழம சனிக்கிழம நான்தான் கழட்டுவேன். கை வலிக்கும்."

பாலித்தீன்கூடச் சத்தம் போடவில்லை.

கடைசி சோபாவிலிருந்து ஒரு குரல் வந்தது. "அவங்க தெச்ச பட்டனும் தானா விழுந்ததில்லீங்க. பிளேடு வெச்சு அறுப்பேன். ஒரு தடவ சட்டையே கிழிஞ்சுது, பட்டன் வரல."

முதலில் சிரித்தது முடிதிருத்துபவர். "தலைவரே, ஒரே ஒரு காரணம் கேட்டீங்க. ரெண்டா வந்திருக்கு."

தலைவர் இருமினார். "இது... தீர்மானத்துக்குச் சம்பந்தமில்லாதது. அவைக்குறிப்பில் ஏறாது. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்." தன் கையை முதலில் தூக்கினார். பழக்கதோஷத்தில் அப்பாவின் கையும் மேலே போய்விட்டது. சுற்றிப் பார்த்தார். வேறு கை இல்லை. அத்தையைப் பார்த்தார். தூக்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல், ஏதோ பேன் கடித்தது போலத் தலையைச் சொறிந்துகொண்டே இறக்கினார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டார். "எத்தன நாளா?"

"நீங்க பூட்ட இழுத்துப் பாக்கற நாளெல்லாம்."

அடுத்த ஞாயிறு அப்பா தானே எதிர்ச்சாரிக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்து பேசி முடித்தார். கல்யாணமும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். தலைவர் ஒரு கட்டில் பரிசளித்தார். விலைச்சீட்டை எடுக்க மறந்திருந்தார், அல்லது மறக்கவில்லை.

அதெல்லாம் போய்விட்டது. தீர்மானத்தின் மகன் தலைவரானபோது அதே தீர்மானம் சத்தமில்லாமல் நிறைவேறியது. அப்பா இல்லை, பெயிண்ட் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை, நடுநிசி வரை பாட்டு. போன மாதம் ஒரு ஞாயிறு போயிருந்தேன். தெரு மறுபடி குறுகிவிட்டது போலிருந்தது. குழாய் சொட்டினால் கேட்காது. எல்லா ஷட்டரும் மேலே, இரண்டைத் தவிர. ஒன்று அத்தையுடையது. முழுவதும் இறங்கியிருந்தது. எதிர்ச்சாரியில் ஒன்று, பாதி.

குனிந்து உள்ளே போனேன். மாமா கண்ணாடியை முறுக்கிக்கொண்டிருந்தார். கை நடுக்கத்தில் திருகாணி இரண்டுமுறை கீழே விழுந்தது. அத்தை பக்கத்தில், கைப்பையைத் திறந்துவைத்து, அவர் சட்டையில் பட்டன் இல்லாத இடத்தை முறைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் காலையில் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி வந்தவர்கள்.

வெளியே ஊன்றுகோல் தட்டும் சத்தம். பழைய தீர்மானம், கையில் நசுங்கிய கண்ணாடியோடு குனிந்து பார்த்தார். அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

"இன்னிக்கு லீவுங்க," என்றார் மாமா.

"லீவா? உள்ள வேலை நடக்குதே!"

"இது வேலை இல்லீங்க."

தீர்மானம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மாமா எழுந்துபோய், அவர் தலையில் இடிக்காமல் பார்த்து, ஷட்டரின் மீதிப் பாதியையும் இறக்கினார்.