சோப்புப் போட்ட கன்று

பண்ணைக்கு வந்த ஒன்பதாம் நாள் காலை, மருமகள் குதிரை லாயத்தில் லத்தி அள்ளிக்கொண்டிருந்த நேரத்தில், மாமியார் ஒரு கன்றுக்குட்டியைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிவிட்டார். அது பிறந்து முழுசாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

இருவரும் சம்பளம் இல்லாத வேலைக்காரர்கள். தினம் ஐந்து மணி நேரம் உழைத்தால் சாப்பாடும் கொசுவலை போட்ட கட்டிலும் உண்டு. கணவன் கப்பலில் ஆறு மாதம் போயிருக்க, வீட்டில் மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த மருமகள், கொஞ்சம் மூச்சு விடலாமே என்றுதான் இந்த ஒரு மாதத்துக்கு விண்ணப்பம் போட்டாள். நிரப்பும்போது தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த மாமியார், "ரெண்டு பேருன்னு போடு" என்றார். முடிந்தது கதை.

முப்பத்திரண்டு வருஷம் தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்தவர் அவர். வந்த இரண்டாம் நாளே கோழிகளை வரிசையில் நிறுத்தப் பார்த்தார். குதிரைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டார். தப்பு என்ற சொல் அவர் அகராதியில் அடுத்தவர்களுக்காக மட்டுமே இருந்தது.

அன்று விடியும்போது அடைமழை. ராங்கி என்று பட்டப்பெயர் வாங்கிய செம்மாடு, தலையீற்று, கொட்டகை வாசலில் சேற்றிலேயே கன்று போட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஒதுங்கி நின்றது. கன்று வெடவெடத்துக் கிடந்தது. முதலில் பார்த்தவர் மாமியார். பெற்று வளர்த்த கை சும்மா இருக்குமா? தள்ளுவண்டியில் கன்றை ஏற்றிக் கொட்டகைக்குள் கொண்டுபோய், வெந்நீர் ஊற்றி, தன் பெட்டியில் இருந்த வாசனைச் சோப்பைத் தேய்த்து, தன் துண்டாலேயே துவட்டினார். கன்று பஞ்சுபோல ஆயிற்று. மல்லிகை மணத்தது.

தாயிடம் கொண்டுபோய் விட்டதும் ராங்கி ஒருமுறை மோந்து பார்த்தது. அடுத்த நொடி ஓர் உதை. கன்று சுவரோரம் போய் விழுந்தது.

சத்தம் கேட்டு மருமகளும் பண்ணைக்காரியும் ஓடிவந்தார்கள். பண்ணைக்காரிக்கு மருமகள் வயதுதான் இருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், இடுப்பில் கத்தி. குனிந்து கன்றை மோந்தவள் நிமிர்ந்தாள்.

"யாரு இதக் கழுவினது?"

அத்தை வாயைத் திறந்தால் மழையைக் குறை சொல்வார், மாட்டைக் குறை சொல்வார், ஊர் வம்பு ஆகிவிடும். 'நான்தான்' என்று சொல்லிவிடலாம் என மருமகள் வாயெடுத்தாள்.

"நான்தான்" என்றார் மாமியார். "என் கையால கழுவினேன். தப்பு என்னுது. இப்ப என்ன பண்ணணும், அதச் சொல்லு."

ஆறு வருஷத்தில் மருமகள் கேட்டிராத வாக்கியம். காதில் ஏதோ கோளாறோ என்றுகூட நினைத்தாள்.

பண்ணைக்காரிக்கும் கோபம் பாதியில் நின்றுவிட்டது. "மாட்டுக்கு வாசனைதான்மா அடையாளம். நக்கி நக்கித்தான் இது என் புள்ளைன்னு மனசுல பதிய வச்சுக்கும். நீங்க அத அழிச்சுட்டீங்க. சீம்பாலக் கறந்து இப்பவே புட்டில குடுத்துடலாம். ஆனா இந்த மழைல தாய் சேக்காத கன்னு தங்காது. போன வருஷம் ரெண்டு போச்சு."

"வழியே இல்லையா?"

"இருக்கு. பொறுமை வேணும். அசிங்கமும் பட்டாகணும்."

ராங்கி அப்போதுதான் போட்டிருந்த நஞ்சுக்கொடியை எடுத்துக் கன்றின் முதுகெல்லாம் தேய்க்க வேண்டும். மேலே உப்புத் தூவ வேண்டும். உப்பு ருசிக்காவது மாடு நக்கும். இரண்டு மணிக்கொருதரம் மாட்டின் தலையைக் கட்டி, கன்றை மடியில் விட வேண்டும். தாய்ப்பால் கன்றின் வயிற்றுக்குள் போய் மறுபக்கம் வெளியே வந்தால், சாணத்திலேயே தாயின் வாசனை வந்துவிடும். அதுவரை உதைக்குக் குறுக்கே ஆள் நிற்க வேண்டும்.

மாமியார் புடவையை வரிந்து கட்டினார். நஞ்சுக்கொடியை இரு கையாலும் அள்ளினார். முகம் சுளிக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்த குதிரைக்காரரே ஒரு அடி பின்னால் போனார்.

"வேலைப் பலகைல என் பேரக் கோழிலேருந்து எடுத்துட்டு இங்க போடுங்க."

"என் பேரையும்" என்றாள் மருமகள்.

அந்த இரண்டு நாளும் கொட்டகைதான் வீடு. மருமகள் தலைக்கயிற்றைப் பிடிப்பாள்; மாமியார் கன்றைத் தோளால் முட்டுக்கொடுத்து மடிக்குத் தள்ளுவார். ராங்கி காலைத் தூக்கும்போதெல்லாம் அவருடைய பழைய கவுன்டர் குரல் கிளம்பும்.

"தூக்கும்மா தூக்கு! பென்ஷன் மணியார்டர் ஒருநாள் லேட்டானா என்னை அடிக்க வந்தவங்களையே பாத்தவ நான். நீ எந்த மூலைக்கு?"

முதல் நாள் மதியம் ஒரு உதை அவர் முழங்காலைச் சீவிக்கொண்டு போனது. சாணத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அத்தை, போதும். நீங்க படுங்க, நான் பாத்துக்கறேன்."

"நீ கயித்த விடாத." சுவரைப் பிடித்து எழுந்தார். கன்றின் மேல் இன்னொரு பிடி உப்புத் தூவினார். பிறகு, திரும்பாமலே, "யாரு கழுவினதுன்னு அவ கேட்டப்போ நீ நான்தான்னு சொல்ல வந்த, இல்ல?" என்றார்.

மருமகள் கயிற்றின் முடிச்சைச் சரிபார்த்தாள்.

"அதான் முந்திக்கிட்டேன். என் புள்ளைய எடுத்துக்கிட்ட, சரி. என் தப்பையுமா எடுத்துக்குவ?"

மருமகளுக்குச் சிரிப்பு பீறிட்டது. கயிறு கையிலிருந்து நழுவப் பார்த்தது. சாணமும் உப்பும் அப்பிய அந்த மனுஷி, அறுபத்தொரு வயதில், வீங்கிய காலோடு இன்னொரு உதைக்குத் தயாராக நிற்பதைப் பார்த்தாள். இவரோடு ஆறு வருஷம் ஒரே சமையலறையில் நின்றிருக்கிறோம், இவரைப் பார்த்ததே இல்லையே என்று தோன்றியது.

மூன்றாம் நாள் காலை மழை விட்டிருந்தது. கன்றின் வால் மஞ்சள் சாணத்தில் நனைந்திருந்ததைப் பார்த்துப் பண்ணைக்காரி தலையசைத்தாள். "அவுத்து விடுங்க. இன்னிக்கும் உதைச்சா பிரிச்சுடறதுதான்."

மருமகள் கயிற்றை அவிழ்த்தாள். கன்று தள்ளாடிக்கொண்டே போய் மடியைத் தேடியது. ராங்கி கழுத்தைத் திருப்பி அதன் வாலடியை மோந்தது. பின்னங்கால் ஒன்று மெல்ல எழுந்தது. மாமியாரின் விரல்கள் மருமகளின் மணிக்கட்டை இறுக்கின. வளையல் உடைந்துவிடும்போல இருந்தது.

கால் தரையில் இறங்கியது. ராங்கி நீளமாக ஒருமுறை நக்கியது. மறுபடி நக்கியது. தொண்டைக்குள்ளேயே, யாருக்கும் சொல்லாத ரகசியம்போல, அடங்கிய குரலில் 'ம்ம்' என்றது.

"குடிக்குது! பாத்தியா, குடிக்குது!" மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கன்றைத் தடவிக் கொடுக்க ஆசையாய்க் கையை நீட்டினார்.

ராங்கி தலையைத் தாழ்த்திக் கொம்பைக் காட்டிக்கொண்டு பாய்ந்தது. தபால் ஆபீஸ் குரல் எடுபடவில்லை. மாமியார் மூன்றே எட்டில் கொட்டகையோரத்து மரவேலியை அடைந்து, எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாமல், உச்சிக் கட்டையில் போய் உட்கார்ந்திருந்தார். பண்ணைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ராங்கி திரும்பிப் போய்த் தன் பிள்ளையை விட்ட இடத்திலிருந்து நக்கத் தொடங்கியது.

"நல்லா இரு, தாயே. உன் புள்ள உனக்கே" என்று மேலிருந்து கும்பிட்டார் மாமியார். பிறகு கீழே பார்த்தார். முகம் மாறியது.

"அடியே" என்றார். ஆறு வருஷத்தில் முதல் 'டி'. "சிரிக்காதடி. எனக்கு இறங்கத் தெரியல."

மருமகள் வேலிக்கு மறுபக்கம் ஓடி, இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள்.