மேல் என்று எழுதிய பக்கம்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, நான் பண்ணிய கூத்து. கொட்டாஞ்சேனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் புளோறன்ஸ் அக்காவின் சின்னப் பிக்கப், ஐந்து கியரிலும் பின்னால் ஓடுகிற வண்டியானதற்குக் காரணம் நான்தான். பழி விழுந்தது மெக்கானிக் ரிஷாத்தின் தலையில்.

2.
தொடக்கம், முதல் முயற்சி: “மழை தூறிக்கொண்டிருந்த ஒரு...” (மழையாவது மண்ணாங்கட்டியாவது. மண்டையைப் பிளக்கும் வெயில்.)

இரண்டாவது: “அக்சல் என்பது வாழ்க்கையின்...” (சீ! அக்சல் என்பது பின்சில்லு இரண்டையும் சுழற்றும் கனத்த இரும்பு. அவ்வளவுதான்.)

சரி, நேரே வருகிறேன். அக்காவின் பிக்கப்பில் பின் அக்சல் உடைந்துவிட்டது. அதே மாதிரி ஒன்று கொழும்பில் எங்கும் இல்லை. வேறொரு கம்பனிப் பிக்கப்பின் அக்சலை ரிஷாத் பழைய வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பேசிவைத்தான். ஏற்றிவரப் போனவன் நான். வெள்ளவத்தையில் சும்மா குந்தியிருக்கும் எழுத்தாளனுக்கு வேறென்ன வேலை?

ஸ்பிரிங் வந்து உட்காரும் இருக்கைகள் அந்த அக்சலில் வேறு இடத்தில் இருந்தன. கடைக்காரர் அவற்றை வெட்டியெடுத்துவிட்டு, எது மேல்பக்கம் என்று காட்டினார். தலையாட்டினேன். ஏற்றும்போது அது உருண்டது. மறந்துபோகாமலிருக்க, சோக்கால் “மேல்” என்று பெரிதாக எழுதினேன். கீழ்ப்பக்கத்தில்.

“சேர் எழுதின பொறகு என்னத்தப் பாக்கிற!” என்று ரிஷாத் சிரித்தபடி அந்தப் பக்கமே புது இருக்கைகளை வெல்டிங் வைத்து ஒட்டினான். என் எழுத்தை முழுசாக நம்பிய ஒரே வாசகன்.

3.
அக்காவின் கடை வாசலிலேயே பூட்டி முடிந்ததும், திருஷ்டி கழிய ஏறி நசுக்கவென்று டயர்களுக்கு முன்னால் நான் தேசிக்காய் வைத்தேன். “அந்தோனியார் கோவிக்க மாட்டார், வைங்க தம்பி” என்றபடி அக்கா ஏறி ஃபர்ஸ்ட் கியரைப் போட்டா. (அக்சல் தலைகீழாக இருந்ததும், அப்படிப் பூட்டினால் சில்லு எதிர்ப்பக்கம் சுழலும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.) பிக்கப் பின்னால் பாய்ந்து கடை வாசல் கண்ணாடி அலுமாரியை நொறுக்கியது. உள்ளேயிருந்த பற்றிஸ் பலகாரமெல்லாம் ரோட்டில். நாலு தேசிக்காயும் நசுங்காமல் அப்படியே கிடந்தன.

“உன்ன நம்பினேனே, ரிஷாத்! இனி இந்தப் பக்கம் வராத!” என்று அக்கா கத்தினா.

ரிஷாத் பத்து வருஷமாக அவவுடைய வண்டியைப் பார்ப்பவன். அடியில் குனிந்தான், என் எழுத்தைக் கண்டான், என்னைப் பார்த்தான். பிறகு எண்ணெய்த் துணியால் அதைத் துடைத்துவிட்டு, “என்ட பிழைதான் அக்கா. சரி பண்ணித் தாரேன்” என்றான்.

நான் வாயே திறக்கவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

4.
முடிவு அ: நான் ஒப்புக்கொள்கிறேன், அக்கா கண்கலங்கி மன்னிக்கிறா. (நான் எழுதினால் நான் நல்லவனாகத்தானே வருவேன்!)

முடிவு ஆ: ரிஷாத்தே சொல்லிவிடுகிறான். (சொல்லமாட்டான். அதுதான் என்னைக் கொல்கிறது.)

நடந்தது இதுதான். அவன் அக்சலைப் புரட்டி, இருக்கைகளைச் சரியான பக்கம் ஒட்டிக் கொடுத்தான், வண்டி ஒழுங்காக முன்னால் ஓடுகிறது. ஆனால் அக்கா வேறு கராஜுக்கு மாறிவிட்டா. நான் சாப்பிடப் போனால், “நீங்கதானே அலைஞ்சு கொண்டுவந்து தந்தீங்க” என்று ஒரு மீன்துண்டு கூடுதலாக வைக்கிறா. நானும் தின்கிறேன்!

அக்கா கதை வாசிக்கிறவ இல்லை. ஆகவே கொட்டாஞ்சேனைப் பக்கம் போகும் வாசகர்களே, உங்களில் யாராவது அவவிடம்... (இல்லை. இதையும் இன்னொருவர் தலையில் கட்டப் பார்க்கிறேன்.)

இப்போது பகல் பதினொன்றரை. இந்தத் தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் பஸ் எடுக்கப்போகிறேன். அக்காவுக்கு முன்னால் நின்று இதை வாசித்தேனா, மீனைத் தின்றுவிட்டுத் திரும்பினேனா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் ரிஷாத் ஒருவன்தான் நம்புவான்.