வரிசையில் நின்றவரின் முகம்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூவம்மா என்னிடம் ஒரு படம் கேட்டார். "தேடிப் பார்க்கிறேன்" என்றேன். தேடாமல் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அவர் கேட்டது அவருடைய கணவர் செல்வநாயகத்தின் படம். போன வருஷக் கார்த்திகை மழையில் பூனாகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் லயம், தொழிலாளர் வீட்டு வரிசை, மண்ணோடு இறங்கியது. (தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அங்கே இருப்பவர்கள் என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.) அதில் போனவர்களில் செல்வநாயகம் ஒருவர். என் கணவர் லூக்காஸ் இன்னொருவர். லூக்காஸைத் தோண்டி எடுத்தார்கள். செல்வநாயகத்தை எடுக்க முடியவில்லை.

"ஆளும் கெடைக்கல, படமும் இல்ல டீச்சர்" என்றார் பூவம்மா. "வருஷத் திதி வருது. மாலைய எதுக்குப் போடுறது? கல்லுக்கா?"

அவர்களுடைய கலியாணப் படம் வீட்டோடு போனது. அடையாள அட்டையும் போனது. பிள்ளைகள் போனை நீட்டினால் செல்வநாயகம் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். ஆனால் எங்கள் தோட்டத்துப் பையன் கிருபாகரன் கலியாணத்தில் மொய் கொடுக்கப் போனபோது பளிச்சென்று லைட் அடித்ததைப் பூவம்மா பார்த்திருக்கிறார். அடித்தவர் லூக்காஸ். கலியாணப் படம் எடுப்பதுதான் அவர் தொழில்.

"நான் பக்கத்துலதான் நின்னேன். அண்ணன் எடுத்தாரு. உங்க லெப்டப்புல இருக்கும் பாருங்க."

லெப்டப் என்னிடம்தான் இருக்கிறது. அதில் அந்தப் படம் இல்லை. இதைத்தான் நான் பூவம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும்.

2

கதைக்கு எழுதிப் பார்த்த தொடக்கங்களை அழிக்காமல் இங்கேயே விட்டிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: "பயணம் செய்து படம் எடுப்பவர் மடிக்கணினி வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது, அதற்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைத்தான்." (இது கடைப் பேச்சு. விட்டேன்.)

இரண்டாவது: "லூக்காஸ் பஸ்ஸை விட்டு இறங்கி, கமரா பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு—" (இறங்கினால் நடப்பார். நடந்தால் வீட்டுக்கு வந்துவிடுவார். விட்டேன்.)

மூன்றாவது நடந்தது. ஆறு வருஷத்துக்கு முன்பு, பண்டாரவளையில் ஷாஹ்மியின் கடை. பாவித்த பழைய லெப்டப் மெஷின்களைத் திருத்தி விற்கிற கடை அது. கண்ணாடி மேசையில் ஷாஹ்மி இரண்டை வைத்தார். ஒன்று பெரியது, ஒரு டெராபைட். மற்றது சின்னது, முந்நூற்றிருபது ஜிபி.

"லூக்காஸ் அண்ணன், நீங்க ஊரூராப் போறவர். இந்தப் பெருச எடுங்க. ஒண்டையும் அழிக்கத் தேவயில்ல. கிடந்திட்டுப் போவும்."

லூக்காஸ் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "தம்பி, இதத் தூக்கிக்கிட்டு மேல் லயத்துக்கு ஏறுனா, மாப்பிள்ளைக்கு வச்சிருக்க மாலைய எனக்குத்தான் போடுவாங்க."

(இதை அவர் சொன்னாரா, நான் சொல்லவைக்கிறேனா? பெரியது கனம் என்று சொன்னது உறுதி. மாலை என் கைவேலையாக இருக்கலாம்.)

"அப்ப சின்னத எடுத்து, வெளிய ஒரு டிஸ்க் போட்டுக்கொள்ளுங்க. நெறஞ்சா அதுல மாத்தலாம்."

"மாத்தலாம். ஆல்பம் குடுத்த பெறகு படத்த எதுக்குச் சேத்து வைக்கணும்? நான் என்ன முட்டையா அடைகாக்குறேன்?"

"அக்கா, நீங்க என்ன செல்றீங்க?"

"தூக்குறவரு அவரு. அவரே சொல்லட்டும்."

முதல் பிரதியில் ஷாஹ்மியைத் தீர்க்கதரிசி போல எழுதியிருந்தேன். அவர் கண்ணைக் கூர்மையாக்கி, "அண்ணன், ஒரு நாள் தேடுவீங்க" என்று சொல்வதாக. அப்படியெல்லாம் இல்லை. அந்தப் பெரியது நெடுநாளாக விற்காமல் கிடந்தது, தள்ளிவிடப் பார்த்தார், அவ்வளவுதான். பேசிக்கொண்டே போனில் கிரிக்கெட் பார்த்தார். நான் அவரை ஞானியாக்கியது, நல்ல புத்தி சொல்லியும் நாங்கள் கேட்கவில்லை என்று கதைக்கு ஒரு கனம் வரட்டும் என்பதற்காக. அந்த வரிகளை நீக்கினேன்.

3

இங்கே கட்டுரை மாதிரிக் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக் கலியாணத்தில் மொய் வரிசை என்று ஒன்று உண்டு. தாலி கட்டி முடிந்ததும் வந்தவர்கள் ஒவ்வொருவராக மணவறைக்கு ஏறி, கவரையோ பார்சலையோ மாப்பிள்ளை கையில் கொடுத்து, கமராவைப் பார்த்து நிற்பார்கள். லைட் அடித்த பிறகுதான் இறங்குவார்கள். அடிக்காவிட்டால் கோபம். "நம்மள எடுக்கல பாத்தியா" என்று அந்தப் பேச்சு அடுத்த கலியாணம் வரைக்கும் போகும். ஆகவே லூக்காஸ் எல்லாரையும் எடுப்பார். ஆல்பத்துக்குப் போவது குடும்பத்தார், தோட்டத்துத் துரை, கணக்கப்பிள்ளை, கொழும்பிலிருந்து வந்தவர்கள். மற்றவர்கள் வரிசையிலேயே நின்றுவிடுவார்கள், எங்கள் மெஷினுக்குள்.

ஸ்டூடியோவுக்குப் போய்த் தனியாகப் படம் எடுத்துக்கொள்ளாத பலருக்கு, பெரிய ஆளான பிறகு எடுத்த ஒரே படம் இந்த வரிசைப் படம்தான்.

முந்நூற்றிருபது ஜிபி சில கலியாணங்களுக்குள் நிறைந்துவிடும். நிறைந்ததும் நாங்கள் இரண்டு பேரும் உட்காருவோம். அவர் பார்த்துச் சொல்வார், நான் அழுத்துவேன்.

"இந்தாளு கண்ண மூடிட்டாரு."

"செல்வநாயகம் மாமாங்க. அவரு லைட்டுக்கு முன்னாடியே மூடிருவாரு."

"குண்டு வைக்கிறோம்னு நெனைக்கிறாரு போல. தூக்கிரு."

"தூக்கியாச்சு."

(இந்தப் பேச்சு அந்தப் படத்துக்காக நடந்ததா, வேறொரு கலியாணப் படத்துக்கா? தெரியவில்லை. கிருபாகரன் கலியாணம் என்று நினைத்தால் அப்படித் தெரிகிறது.)

மாப்பிள்ளை பெண் படங்களை மட்டும் நாங்கள் அழித்ததே இல்லை. மெஷினில் ஒரு பிரதி, வெளி டிஸ்க்கில்* ஒரு பிரதி, அவர்கள் வீட்டு ஆல்பத்தில் ஒன்று. எங்கும் இன்னொரு பிரதி இல்லாத படங்களைத்தான் வேண்டாதவை என்று பெயர் வைத்து முதலில் எடுத்தோம். வரிசைக்குள்ளும் கண் மூடியவர்கள் முதலில். இது தவறு என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. சுத்தமாக வேலை செய்கிறோம் என்றே நினைத்தோம்.

* வெளி டிஸ்க் வீட்டில் அலுமாரிக்குள் இருந்தது. எங்கள் வீடும் மேல் லயத்தில்தான்; அந்த லயம் என்ன ஆனது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

4

மெஷின் தப்பியது எப்படி என்று யாராவது கேட்பார்கள். நான் தப்பியது போலத்தான். கோயிலின் கிறிஸ்மஸ் மலரைத் தட்டச்சு செய்துகொடுப்பதாக ஒத்துக்கொண்டிருந்தேன். லயத்தில் கரண்ட் போய்ப் போய் வந்தது. அதனால் மண் இறங்கிய அன்று மெஷினைத் தூக்கிக்கொண்டு பண்டாரவளையில் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். "மழையில நனைச்சிராத" என்றார் லூக்காஸ். மெஷினைச் சொன்னார்.

(இந்தப் பத்தியை நீளமாக எழுதிப் பார்த்தேன். நான் நல்லவளாகிக்கொண்டே போனேன். சுருக்கிவிட்டேன்.)

பூவம்மா படம் கேட்டுப் போன மறுநாள் ஷாஹ்மிக்குப் போன் செய்தேன். அழித்ததைத் திரும்ப எடுக்கலாமா என்று கேட்டேன்.

"அது பழைய டிஸ்க்தானே அக்கா. அழிச்சா உடனே போறல்ல. இந்த எடம் காலி எண்டு மட்டும் குறிச்சு வைக்கும். புதுசா எதையும் போட்டா அதுக்கு மேல போய் உக்காரும். அப்ப சரி, முடிஞ்சு. அண்ணன் அதுக்குப் பெறகும் கலியாணம் ஏத்தித்தானே ஈப்பார்?"

"ஏத்தினாரு. எல்லா எடமும் நெறஞ்சிருக்காது."

"அப்ப பாக்கலாம். ஆனா எடுக்கிறத அதுக்குள்ளயே போட ஏலாது. வேற பெரிய டிஸ்க் வேணும்." சிரித்தார். "அந்தப் பெருசு இன்னும் கடையிலதான் கிடக்கு. அதுக்குள்ள போடுவம்."

பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "கொண்டுவாற வரைக்கும் தொறக்காதீங்க. தொறந்தாலே அது தன்பாட்டுக்கு என்னவாவது எழுதும். நீங்க எழுதினா இன்னும் மோசம்."

"சரி தம்பி" என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் திறந்தேன். நீங்கள் இதுவரை வாசித்த ஒவ்வொரு வரியையும் அந்த மெஷினில்தான் எழுதினேன்.

தாளில் எழுதலாமே என்பீர்கள். எழுதினேன். தாளில் லூக்காஸ் வாய் திறக்கவில்லை. அவர் கைபட்டுத் தேய்ந்த இந்த எழுத்துக் கட்டைகளில் தட்டும்போது பேசுகிறார். கடைக் காட்சியை நாலு விதமாக எழுதினேன். நாலிலும் வேறு வேறு பகிடி சொல்லிச் சிரிக்கவைத்தார். ஒவ்வொன்றையும் சேமித்தேன். என் புருஷன் பேசுவதைக் கேட்க ஆசைப்பட்டு, பூவம்மாவின் புருஷன் முகத்தின் மேல் எழுதிக்கொண்டிருந்தேனா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் எனக்கு வசதியாக இருந்தது.

5

முடிவுகள்.

(அ) ஷாஹ்மி படத்தை எடுத்துவிடுகிறார். செல்வநாயகம் கண்ணைத் திறந்துகொண்டு நிற்கிறார். பூவம்மா அழுகிறார். (பொய். அந்த மனிதர் ஒரு படத்திலும் கண் திறந்ததில்லை.)

(ஆ) பாதி வருகிறது. இப்படி மீட்கிற படங்கள் சிலது பாதியில் நின்றுவிடும், கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம் என்று ஷாஹ்மி சொல்லியிருந்தார். நெற்றி, திருநீறு, மூடிய கண். வாய் இல்லை. (இது நடக்கக்கூடியது. அதனாலேயே மேலே எழுத முடியவில்லை.)

(இ) படம் இருந்த இடத்தில் என்னுடைய வாக்கியம் ஒன்று கிடக்கி— (அழகாக எழுத வருகிறது. அழகாக வருவதாலேயே நிறுத்துகிறேன்.)

(ஈ) ஒன்றும் வரவில்லை. நான் பூவம்மாவிடம் மெஷின் பழுது என்கிறேன். (என்னைக் கேட்டால், நான் செய்யக்கூடியது இதுதான். இதையே முடிவாக வைத்துக்கொள்ள இருந்தேன். நேற்று பூவம்மா வந்துவிட்டார்.)

6

தோட்டத்துப் பழைய ஸ்டோரில், முன்பு தேயிலை அரைத்த கட்டடத்தில், தடுப்புப் பலகை அடித்துக் கொடுத்த அறையில்தான் பூவம்மா இப்போதும் இருக்கிறார். அங்கிருந்து பஸ் பிடித்து, நான் இப்போது இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு வந்திருந்தார். நான் மெஷினை மூடுவதற்குள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"கெடச்சுச்சா டீச்சர்?"

மெஷின் பழுது என்று சொல்ல வாயெடுத்தேன். வேறொன்று வந்தது.

"அழிச்சுட்டோம் பூவம்மா. எப்பவோ. எடம் இல்லன்னு."

"எல்லாத்தையுமா?"

"வரிசைப் படத்த. கண்ணு மூடுனத மொதல்ல."

அவர் திரையைப் பார்த்தார்.

"மாலை போடுற படத்துக்குக் கண்ணு எதுக்கு?" என்றார். "மாப்பிள்ள படம் இருக்கா?"

"இருக்கு. நெறைய."

"அவன் வெளிநாட்டுல, கட்டார்ல நல்லாத்தானே இருக்கான். தெனமும் போன்ல மூஞ்சியக் காட்டுறான்."

ஷாஹ்மி சொன்னதைச் சொன்னேன். திறக்கக்கூடாது என்றதையும் சொன்னேன்.

"அப்ப இப்ப ஏன் தொறந்து வச்சிருக்கீங்க?"

பூவம்மா எழுத்துக் கூட்டி வாசிப்பார். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், விரலை வைத்து, "செல்… வ… நா… இது அவரு பேரு தானே" என்றார். "என்ன எழுதியிருக்கீங்க?"

வாசித்துக் காட்டினேன். மூன்றாம் பகுதி. லைட்டுக்கு முன்னாடியே மூடிருவாரு. குண்டு வைக்கிறோம்னு நெனைக்கிறாரு போல. அந்த இடத்தில் பூவம்மா மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"அப்படியே அவருதான். மின்னலுக்கும் மூடுவாரு." பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க டீச்சர். ஆனா இத நான் செவுத்துல மாட்ட முடியாதே."

எனக்குத் தலை நிமிரவில்லை.

"இன்னைக்கு இங்கயே படுத்துக்கிறேன்" என்றார் அவர். "காலைல ரெண்டு பேருமாப் போயிக் கடையில குடுப்போம். உங்கள விட்டா நீங்க தனியாப் போக மாட்டீங்க."

"போவேன் பூவம்மா."

"போவீங்க. எழுதி முடிச்சுட்டுப் போவீங்க."

7

இப்போது காலை. பூவம்மா குளிக்கப் போயிருக்கிறார். தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. அதற்குள் மெஷினைத் திறந்து, ஆறாம் பகுதியையும் இதையும் எழுதிவிட்டேன். அவர் அவ்வளவு சொன்ன பிறகும். இதைவிட வெட்கமாக இன்னொன்றை என்னைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

"டீச்சர், பையில வச்சிட்டீங்களா?" என்று குளியலறையிலிருந்து கேட்கிறார்.

"வைக்கிறேன்" என்கிறேன்.

நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால், ஷாஹ்மி இந்த டிஸ்க்கிலிருந்து எடுத்தவற்றில் என் எழுத்தும் வந்து சேர்ந்திருக்கிறது. அது எதன் மேல் உட்கார்ந்திருந்தது என்பது இந்தப் பக்கங்களில் தெரியாது. பழைய ஸ்டோரில், பூவம்மாவின் தடுப்புப் பலகையில், மாலைக்குள் ஒரு முகம் இருக்கிறதா என்று யாராவது போய்ப் பார்த்தால்தான் தெரியும். பூனாகலை பஸ்ஸில் ஏறி, ஸ்டோர் இறக்கம் என்று கேட்டால் இறக்கிவிடுவார்கள்.

முடிவு என்று நான் ஒன்றை எழுதினால் அதற்கும் இந்த டிஸ்க்கில் ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை எழுதாமல் விடுகிறேன்.