டாக்டரைச் சாப்பிடக் கூப்பிட்டேன்

நான் சாப்பிடுவதைப் பார்ப்பதற்கென்று ஒரு டாக்டர் இருக்கிறார். பெயர் ஹேமப்ரியா. மூன்று வேளையும் போனில் வருவார். போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த பிறகுதான் நான் சோற்றில் கை வைக்கலாம். தூரத்தில் இருந்தபடியே உடம்பைக் குறைத்துத் தரும் சேவை இது.

எடை மெஷினும் அவர்கள் அனுப்பியதுதான். நான் ஏறி நின்றால் அவருக்கு அங்கே தெரியும். நான் குறைக்க வேண்டியது ஐம்பத்தெட்டு கிலோ. இதுவரை ஒன்றும் குறையவில்லை.

என் உடம்பைப் பற்றி ஈரோட்டில் யோசனை சொல்லாதவர்கள் இன்னும் பேச்சு வராத குழந்தைகள் மட்டும்தான். கொள்ளு குடி என்பார்கள், ஓடு என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. டாக்டர் ஒன்றும் சொல்லமாட்டார். கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பார்ப்பார். எனக்கு அது பிடித்திருந்தது.

வீட்டில் நானும் என் தங்கை வாணியும்தான். சமையல் அவள். சாப்பிடுவது சேர்ந்து. அவளுடைய ஆபீஸ் மேனேஜரைப் போலப் பேசிக் காட்டுவாள். எனக்குப் புரையேறும்வரை விடமாட்டாள். அவளை விட்டால் எனக்கு இந்த உலகத்தில் ஆள் கிடையாது.

ஒரு நாள் மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறு. நெய் மணத்தது. எதிரே டாக்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருத்தரை எதிரே வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் நாம் மட்டும் சாப்பிடுவது? வாய் தவறி வந்துவிட்டது.

"வாங்க டாக்டர், ஒரு வாய் சாப்புடுங்க."

இதற்குப் பதிலாக, "இருக்கட்டுங்க, இப்பத்தான் ஆச்சு" என்று சொல்ல வேண்டும். நாங்கள் நூறு பேரைக் கூப்பிட்டால் நூறு பேரும் அதைத்தான் சொல்வார்கள்.

"சரி, வர்றேன்" என்றார் டாக்டர். எழுந்து நின்றார். அவருக்குப் பின்னாலிருந்த வெள்ளைச் சுவர் நகரத் தொடங்கியது.

அன்றிலிருந்து அவர் நடந்துகொண்டே என்னைப் பார்த்தார். காலைச் சாப்பாட்டின்போது பின்னால் ஒரு நீண்ட தாழ்வாரம் போகும். இரவுச் சாப்பாட்டின்போதும் அதே தாழ்வாரம்தான். பிறகு நெல் வயல் வந்தது. வயலுக்குள்ளும் டியூப் லைட் எரிந்தது.

"அக்கா, நெசமாவே வர்றாங்களாட்ட இருக்குது" என்றாள் வாணி. அவளுக்குச் சந்தோஷம். எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்து வருடங்கள் ஆகின்றன. அவள் எனக்குக் குழம்பு ஊற்றும்போது டாக்டரின் கண் என் தட்டை விட்டு அவள் கையில் நின்றது.

"யாரு?"

"என்ற தங்கச்சிங்க."

"மெஷின்ல ஏறச் சொல்லுங்க."

வாணி சிரித்துக்கொண்டே ஏறினாள். ஐம்பத்தெட்டு.

"கணக்கு நேரா வருது" என்றார் டாக்டர். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

சேவையின் உதவி எண்ணுக்குப் போட்டேன். ஓர் ஆண் குரல் எடுத்தது.

"டாக்டர் எங்க வீட்டுக்கு வர்றாங்க."

"நீங்க கூப்பிட்டிருக்கீங்களே."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க."

"ஒரு பேச்சுக்குத்தான் கிளம்பியிருக்காங்க."

"என்ற தங்கச்சியோட எடையை எதுக்குக் கேட்டாங்க?"

"குறையறதுக்கு ஒரு எடை வேணும் இல்லீங்களா?"

"என்ற உடம்புல இருந்துதானுங்க குறையோணும்."

"வீட்டுல இருந்து குறைஞ்சாப் போதும். தூரத்துல இருந்து பார்க்கிறவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"அவங்களை வரவேண்டாம்னு சொல்லிப்போடுங்க."

"சாப்பிடக் கூப்பிட்டவங்களை வரவேண்டாம்னு உங்க ஊர்ல சொல்வாங்களா?"

சொல்லமாட்டோம். நான் போனை வைத்துவிட்டேன்.

கணக்கை இடிக்க வைப்பதுதான் ஒரே வழி. வாணியை அறுபதாக்கிவிட்டால் போதும். நெய் ஊற்றினேன், வெல்லப் பூரணம் வைத்த ஒப்புட்டு வாங்கி வந்து ஊட்டினேன். "என்னக்கா, என்னைக் கண்ணாலத்துக்குத் தயார் பண்றாப்பல?" என்று கேலி செய்துகொண்டே தின்றாள். அறுபதும் ஆனாள். மறுநாள் டாக்டர் நடந்தபடியே சொன்னார்: "நீங்க குறைக்க வேண்டியது இப்ப அறுபது."

"வாணி, நீ கொஞ்ச நாளைக்கு எங்காச்சும் போயிரு" என்றேன்.

"விருந்தாளி வர்ற நேரத்துலயா? யாரு சமைப்பாங்க? உனக்குச் சுடுதண்ணிகூட வெக்கத் தெரியாது" என்றாள்.

உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனில் டாக்டருக்குப் பின்னால் எங்கள் தெருவின் கரண்டுக் கம்பம் தெரிந்தது. கதவு தட்டப்பட்டது.

திரையில் நான் பார்த்திராத பாதியோடு வந்திருந்தார். மார்புக்கு மேலே புடவை கசங்கியிருந்தது. கீழே கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை. அந்த இடத்தை அதுவரை யாருமே பார்த்ததில்லை போல.

"வாங்க டாக்டர்" என்றாள் வாணி. நானும் சொன்னேன். சொல்லாமல் இருக்க எவ்வளவோ பார்த்தேன். முடியவில்லை.

என் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார். சட்டி நிறைய இருந்த அரிசிம்பருப்பும் போயிற்று. அப்பளம், தயிர், மறுநாளைக்கு வைத்திருந்த மாவு, எல்லாம் போயிற்று. அவர் சாப்பிடுவதை யாரும் பார்த்துக் குறித்துக்கொள்ளவில்லை. கை கழுவினார்.

"நீங்க மெஷின்ல ஏறி நில்லுங்க" என்றார் என்னிடம். "இறங்கிட்டா எதுவும் பதிவாகாது."

"ஏறமாட்டேனுங்க."

"அக்கா, ஏறி நில்லக்கா. அவ்வளவு தூரம் வந்திருக்காங்க" என்றாள் வாணி.

ஏறினேன்.

"சரி, வர்றேன்" என்றார் டாக்டர். வாணி வழியனுப்பக் கூடவே போனாள். எங்கள் பக்கத்தில் விருந்தாளி கிளம்பிய பிறகுதான் பேச்சே ஆரம்பமாகும். வாசலில் நின்று ஊர் எது என்று கேட்டாள். கேட்டில் நின்று பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாள். பேச்சு முடியாததால் தெருவில் இறங்கி நடந்தாள். திறந்த கதவு வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது.

காலடியில் எண் இறங்கியது.

அவள் கரண்டுக் கம்பத்தைத் தாண்டினாள். எண் இன்னும் இறங்கியது. கல்லூரிக் காலத்தில் நான் இருந்த எடை வந்தது. பிறகு அதற்கும் கீழே. இறங்கி ஓடிப் பிடித்திருக்கலாம். கூப்பிட்டிருக்கலாம். நான் செய்யவில்லை. பிறந்ததிலிருந்து ஏறிக்கொண்டே இருந்த எண் முதல் தடவையாக இறங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரே நிமிடம் பார்த்துவிட்டு ஓடலாம் என்று நினைத்தேன்.

எண் நின்றது. வாழ்த்துகள் என்று போன் சொன்னது.

அப்போதுதான் இறங்கி ஓடினேன். தெரு முனைவரை வெயிலும் ஒரு நாயும்தான் இருந்தன. "வாணி, வாணி" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

திரும்பி வந்து பாத்திரங்களைக் கழுவ எடுத்தேன். எதிர்வீட்டு ருக்குமணி அக்கா உள்ளே வந்தார்.

"அடேயப்பா! பாதியா எளைச்சுட்டியே ரத்தினா."

என் ரவிக்கை எப்போதும் போலக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

"அக்கா, வாணியைப் பார்த்தீங்களா?"

"யாரு வாணி?"

"என்ற தங்கச்சிங்க. எந்நேரமும் என்ற கூடவே இருப்பாளே!"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். குரலில் இரக்கம் இருந்தது.

"நீ ஒண்டியாத்தான் இருந்தே சாமி. உடம்பு பெருசா இருந்ததுல உனக்கே ரெண்டு பேராட்டத் தெரிஞ்சிருக்கும்."

வாணியின் தட்டைக் கழுவிவிட்டேன். அதை எங்கே வைப்பாள் என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.